மோதிரத்தால் தட்டிப் பார்த்தவர்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது எல்லாரும் செவுளைத் திறந்து பார்ப்பார்கள். சூசைநாதன் அதோடு விடமாட்டார். செவுளுக்குச் சாயம் பூசியிருக்கிறார்களோ என்று விரலால் தேய்ப்பார். அந்த விரலை வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். முட்டையைக் காதோரம் வைத்து ஆட்டுவார். கோவிலில் மெழுகுவர்த்தி வாங்கினால், திரி அடிவரைக்கும் போகிறதா என்று கேட்பார். அதை விற்கிற கோவில்பிள்ளைக்குக் கோபம் வந்துவிடும். அந்த வருடத்தில் மட்டும் இரண்டு விசில் கெண்டிகளைக் கடையில் திருப்பிக் கொடுத்திருந்தார், தண்ணீர் கொதித்தாலும் விசில் அடிக்கவில்லை என்று. மூன்றாவது கெண்டியையும் நல்ல கண்ணோடு பார்க்கவில்லை.

"ஆண்டவரே நேர்ல வந்தாலும் இவரு ஐசி கார்டைக் காட்டச் சொல்வாரு" என்பாள் அவர் மனைவி அல்போன்சம்மாள்.

ஆஃபிர் ரோடு லூர்து மாதா கோவிலில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே நிற்கும் ஆண்கள், ஞானஸ்நானத்தில் இவருக்குப் பெயர் மாற்றி வைத்துவிட்டார்கள் என்று கேலி செய்வார்கள். சூசையப்பர் பெயரை வைத்தது தப்பு, உயிர்த்தெழுந்த இயேசுவையே சந்தேகப்பட்ட தோமையார் பெயரை வைத்திருக்க வேண்டும் என்பார்கள். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. "தோமையாரு கேட்டது நியாயமான கேள்விதானே? காயத்தைப் பார்க்காம எப்படி ஒத்துக்கறது?" என்று திருப்பிக் கேட்பார்.

அவருடைய வேலையும் சந்தேகப்படுவதுதான். செம்பவாங் கடற்படைத் தளத்தின் வண்டிப் பட்டறையில் இளம் வயதில் சேர்ந்தார். எழுபத்தொன்றில் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிப் போனபோது அந்த வேலையும் போனது. பிறகு பத்து வருடம் ஒரு பஸ் கம்பெனியின் பட்டறை. அதற்கப்புறம் வண்டிகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஒரு நிலையத்தில், முதலாவது தடத்தில், தரையில் வெட்டிய குழிக்குள் நின்று வண்டியின் வயிற்றை அண்ணாந்து பார்க்கும் வேலை.

ஒரு வண்டிக்குப் பன்னிரண்டு நிமிடம். விளக்கு, ஹார்ன், வைப்பர், உருளையில் ஏற்றி பிரேக், கடைசியில் குழி. பார்க்கலாம், தொடலாம், ஆட்டலாம். எதையும் கழற்றக் கூடாது, குத்திப் பார்க்கக் கூடாது. சுத்தியலும் திருப்புளியும் குழிக்குள் வரக் கூடாது என்பது விதி. விதியை மீறுகிற ஆள் இல்லை சூசைநாதன். ஆனால் விரலில் கிடக்கிற கல்யாண மோதிரத்தைக் கழற்றிவிட்டு இறங்கு என்று விதியில் எங்கும் எழுதவில்லை. கையை மடக்கி, மோதிரத்தால் இரும்பை ஒரு தட்டு தட்டுவார். நல்ல இரும்பு கணீரென்று பேசும். துருவை மறைத்து மாவு பூசிய இடம் மூச்சு விடாது. பன்னிரண்டு நிமிடத்தில் முப்பது இடம் தட்டுவார். அந்த மோதிரம் இன்றும் அல்போன்சம்மாளின் அலமாரியில், பூசைப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் தகடு போல் தேய்ந்திருக்கிறது.

"பாஸ்னா என்ன அர்த்தம்?" என்று யாராவது கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "பத்தே முக்கால் மணிக்கு இந்த வண்டி எங்க கண்ணுக்கு நல்லா இருந்துச்சுன்னு அர்த்தம். பதினோரு மணிக்கு எப்படி இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாது."

அப்படிச் சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது. சோதனைக்கென்று சிநேகிதனின் நல்ல டயரை மாட்டிக்கொண்டு வருவார்கள். பாஸ் ஆனதும் அடுத்த திருப்பத்திலேயே நிறுத்தி மொட்டை டயருக்கு மாறுவார்கள். எண்ணெய் ஒழுகுவது தெரியாமலிருக்க, விடியற்காலையில் இன்ஜினைக் கழுவித் துடைத்துக் கொண்டு வருவார்கள். புகை தள்ளுகிற இன்ஜினுக்குக் கெட்டி எண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் வாயை அடைப்பார்கள். இதையெல்லாம் தினமும் பார்க்கிற மனிதர், கையில் சான்றிதழோடு வருகிறவனை எப்படி நம்புவார்?

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை, அவருடைய தங்கை ஜோனின் கணவன் ஆம்ப்ரோஸ் அப்படி ஒரு சான்றிதழோடு கோவில் வாசலில் நின்றான். பக்கத்தில் ஒரு ஜீப்.

ஒன்பது வயதான ஜப்பான் ஜீப். நீளமான உடம்பு, முன்னால் ஒரு நீட்டு இருக்கை, பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. மேலே புது இளநீல வர்ணம், பட்டை தீட்டினாற்போல் மின்னியது. ஆம்ப்ரோஸ் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர்களுக்கு மேஸ்திரி. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனுடைய கடைக்குட்டி மூளைக் காய்ச்சலில் படுத்திருந்தபோது, பிள்ளை பிழைத்தால் குடும்பத்தோடு சொந்த வண்டியில் மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வருவதாக நேர்ந்துகொண்டான். பிள்ளை பிழைத்துவிட்டான். வண்டி வாங்கத்தான் இவ்வளவு நாள் ஆனது. திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"என்ன மச்சான், பேய் அறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? உங்க சென்டர்லதான் பாஸ் பண்ணுனது. லேன் டூ. எல்லாம் டிக்கு, பாருங்க" என்றான் ஆம்ப்ரோஸ்.

சொந்தக்காரர்களின் வண்டியை அவர் தொடக் கூடாது என்பதால் முதல் தடத்துக்குக் கொண்டுவரவில்லை என்பது சூசைநாதனுக்குப் புரிந்தது. ஆனாலும், சான்றிதழில் இருந்த தேதிப்படி, தனக்கு லீவு நாளான வியாழக்கிழமையாகப் பார்த்து ஏன் போனான்?

"யாரு பார்த்தா?"

"கண்ணாடி போட்ட சீனரு."

"டான். சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிதான். ஏன் மச்சான்?"

"சாப்பிட்டப்புறம் டான் குழியில இறங்க யோசிப்பான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "சாமியார் மந்திரிக்கப் போறாரு லா சூசை, தள்ளி நில்லு" என்று ஒருவர் அவர் தோளைப் பிடித்து இழுத்தார். சாமியார் தீர்த்தத்தோடு வந்து மந்திரித்துவிட்டுப் போனார். கண்ணாடியில் அன்னம்மாள் சுரூபம் தொங்கியது. எல்லாரும் வண்டியைத் தொட்டுப் பார்த்து நல்லா இருக்கு என்று சொன்னார்கள்.

சூசைநாதன் சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையைத் தரையில் விரித்தார்.

"ஏங்க, வெள்ளைச் சட்டைங்க!" என்றாள் அல்போன்சம்மாள். அதற்குள் அவர் தலை வண்டிக்கு அடியில் போய்விட்டது.

அந்த ஜாதி ஜீப்புகளின் நோய்கள் அவருக்கு மனப்பாடம். ஸ்டியரிங் கொஞ்சம் அலையும். மேட்டில் மூன்றாவது கியர் கையை மீறிக் கழன்று வரும். தண்ணீரில் போய் வந்தால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். இவையெல்லாம் சொல்லிவிட்டு வருகிற நோய்கள். சொல்லாமல் வருகிற நோய் ஒன்றுதான், பின்பக்கச் சட்டத்தில், ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடத்தில் பிடிக்கிற துரு. சக்கரம் அடிக்கிற சேறு அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளிருந்து அரிக்கும். ஒரு நாள் ஆள் நிறைய ஏறி, ஒரு இறக்கத்தில் போகும்போது ஸ்பிரிங் பட்டை பிய்த்துக்கொள்ளும். அப்போது வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று ஓட்டுகிறவன் முடிவு செய்ய முடியாது.

அடியில் புதுத் தார் பூசியிருந்தது. நேற்றுப் பூசிய வாசனை. இடது பக்கம் தட்டினார். வலது பக்கம் தட்டினார். முன்னால், பின்னால், குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் மாட்டிய இடம். எல்லா இடத்திலும் ஒரே சத்தம் வந்தது. மந்தமும் இல்லை, கணீரும் இல்லை.

வெளியே வந்து முட்டியைத் தட்டிவிட்டார்.

"என்ன தோமையாரே, காயம் இருந்துச்சா?"

"ஒண்ணும் தெரியல" என்றார். ஆம்ப்ரோஸ் சத்தமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு தேவைக்கு மேல் கொஞ்சம் நீளமாக இருந்ததாக அவருக்குப் பட்டது. ஒன்பது வருட வண்டியில் எல்லா இடமும் ஒரே சத்தம் போடுமா? மனிதனுக்கே ஒன்பது வயதில் ஒரு பல்லாவது ஆடும்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் டானைப் பிடித்தார். டான் முகம் சுளிக்காமல் சொன்னான். குழியில் இறங்கியதாகவும், இடது பின்பக்கம் ஒரு புதுத் தகடு ஒட்டியிருந்ததாகவும், அவ்வளவு அழகான வெல்டிங்கை இந்தத் தொழிலில் பார்த்ததில்லை என்றும், கப்பலில் போடுவது போல் இருந்தது என்றும். தார் இருந்ததா என்றார். இல்லை, சுத்தமாகத் தெரிந்தது என்றான்.

அப்படியானால் பாஸ் ஆன பிறகு தார் பூசியிருக்கிறார்கள். யார் கண்ணுக்கு மறைக்க? சோதனை முடிந்துவிட்டது. இனிமேல் அடியில் குனிந்து பார்க்கப் போகிற ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார்.

வேலை முடிந்து நேராக ரோவல் ரோட்டுக்குப் போனார். ஜீப்பை விற்றது அங்கே பழைய வண்டி வியாபாரம் செய்யும் அப்துல் கையூம். அவரைப் பற்றி சூசைநாதனுக்கு ஒரு முடிவான அபிப்பிராயம் இருந்தது. வண்டி விற்கிற எல்லாரைப் பற்றியும் இருந்த அதே அபிப்பிராயம்தான்.

"வாங்கண்ணே, உக்காருங்க. நீங்க வருவீங்கன்னு ஆம்ப்ரோஸ் சொன்னாரு" என்றார் கையூம். "புதன்கிழமை ஆகும்னு நினைச்சேன். நீங்க திங்களே வந்துட்டீங்க."

"பாய், மூணு புள்ளைங்க, பொம்பளைங்க போற வண்டி. தகட்டை ஒட்டித் தார் பூசி விக்கறது உங்களுக்கே நல்லா இருக்கா?"

"தகடா? நான் எங்கண்ணே தகடு ஒட்டுனேன்?" கையூம் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். "அந்த ஜீப்பு உபின் தீவுல கல் உடைக்கற இடத்துல ஓடுனது. உப்புக் காத்துல நின்ன வண்டி. நான் வித்த அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டேன். அவரு கையெழுத்துப் பாருங்க."

கார்பன் நகலில் கையூமின் சாய்ந்த தமிழ் எழுத்து: ஸ்டியரிங் அலையும். மூணாவது கியர் மேட்டில் கழலும். மழையில் பிரேக் இடப்பக்கம் இழுக்கும். பின் சட்டம் இடது பக்கம் துரு, தூரப் பயணத்துக்கு முன்னால் மாற்றவும். கீழே ஆம்ப்ரோஸின் கையெழுத்து.

சூசைநாதன் எழுத்தின் மேல் விரலை வைத்துத் தேய்த்தார்.

"கார்பன் அண்ணே. கையில ஒட்டும். நேத்து எழுதுனதா இருந்தாலும் ஒட்டும், போன மாசம் எழுதுனதா இருந்தாலும் ஒட்டும்" என்றார் கையூம். "தே குடிக்கறீங்களா? கண்ணு முன்னாடியே ஆத்தச் சொல்றேன்."

தேநீர் குடிக்காமல் எழுந்தார். இருபது வருடமாகக் கள்ளன் என்று மனதில் பூட்டி வைத்திருந்த ஆள் கள்ளன் இல்லை என்று ஆகிவிட்டது. கள்ளன் தன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். பஸ்ஸில் புக்கிட் மேராவில் இருக்கும் ஆம்ப்ரோஸ் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதை எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே போனார்.

ஆம்ப்ரோஸ் அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, பிளாக்கின் கீழே கார்பார்க்கில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். மச்சான் முகத்தைப் பார்த்ததும் துணியைத் தோளில் போட்டான்.

"கையூம் பாய்கிட்ட போனீங்களா?"

"துரு இருக்குன்னு தெரிஞ்சேதான் வாங்குனியா மாப்பிள்ளை?"

"தெரியும்."

"தார் பூசுனது யாரு?"

"நான்தான். துரு புடிக்காம இருக்கப் பூசுனேன்."

"என் கண்ணுக்குத் தெரியாம இருக்கப் பூசுனே."

"ஆமா, அதுக்கும்தான்!" ஆம்ப்ரோஸின் குரல் உயர்ந்தது. மேலே இரண்டாவது மாடியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். "சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா? பார்த்ததையெல்லாம் வேணாம்னீங்க. போன வருஷம் அந்த வேன், ஹார்ன் சத்தம் ஒரு மாதிரி இருக்குன்னு வேணாம்னீங்க. கடைக்குட்டி பிழைச்சு ரெண்டு வருஷம் ஆச்சு மச்சான். அன்னம்மாளுக்கு நான் என்ன பதில் சொல்றது, என் மச்சானுக்கு டவுட்டு தீரலைன்னா?"

சூசைநாதன் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார்.

"அது நான் போட்ட வெல்டிங். என் கையால போட்டது. இருபது வருஷமா கப்பல் ஒட்டறேன். அடித்தகடு மெலிஞ்சா மேல இன்னொரு தகடு போட்டு ஒட்டுவோம். அந்தக் கப்பலு கடல்ல போயிட்டு வருது. ஏழு பேரு போற ஜீப்பு போகாதா? தட்டிப் பாருங்க. நீங்களே தட்டிப் பாருங்க!"

மறுபடியும் கைக்குட்டையை விரித்தார். வலது பக்கம் தட்டினார், இடது பக்கம் தட்டினார். அதே சத்தம். இன்னொரு முறை தட்டிக்கொண்டிருந்தபோது, ஜோன் இரண்டு கையிலும் தே மக்கோடு மின்தூக்கிப் பக்கத்திலிருந்து வந்தாள். ஒரு ஹோட்டலில் டெலிபோன் போர்டு பார்க்கிறவள். கம்பியில் வரும் இரைச்சலைக் கேட்டே எந்த இணைப்பில் கோளாறு என்று சொல்கிறவள் என்று அங்கே அவளுக்குப் பெயர்.

"ஏண்ணே, அந்தப் பக்கம் மணி மாதிரி இருக்கு, இந்தப் பக்கம் மட்டும் ஏன் மைலோ டின் மாதிரி இருக்கு?" என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"இப்போ தட்டுனீங்களே, அது டின்னு. முன்னாடி தட்டுனது மணி."

"ரெண்டும் ஒண்ணுதான் ஜோன்."

"இல்லண்ணே. எப்படி ஒண்ணு ஆகும்?"

இவளும் சேர்ந்து விளையாடுகிறாளோ என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. "திரும்பி நில்லு. பார்க்காதே. நான் தட்டத் தட்டச் சொல்லு" என்றார். அவள் மக்குகளை ஆம்ப்ரோஸிடம் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி நின்றாள். வரிசை மாற்றி, ஒரே பக்கம் இரண்டு, மூன்று முறையும் கலந்து, எட்டு முறை தட்டினார்.

"டின்னு. மணி. மணி. டின்னு. டின்னு... இதுவும் டின்னுதான். மணி. டின்னு."

எட்டும் சரி.

வெளியே வந்து மோதிரத்தைக் கழற்றினார். அது வர மறுத்தது. எச்சில் தொட்டு உருட்டிக் கழற்றி ஜோன் கையில் கொடுத்தார். "நீ தட்டு. நான் சொல்றேன்." பிளாக்கின் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பின்னால் ஜோன் குனிந்து தட்டும் ஓசை வந்தது. ஒவ்வொன்றும் மரப்பலகையில் விரல் வைத்துத் தட்டினாற்போல் வந்தது. ஊகித்துச் சொன்னார். எட்டில் மூன்றுதான் சரி. மூன்றும் ஊகத்தில் வந்தவை என்று அவருக்கே தெரியும்.

அடுக்களை நினைவுக்கு வந்தது. கெண்டியின் மூக்கிலிருந்து ஆவி பறக்க, அதன் முன்னால் நின்று, விசில் அடிக்கவில்லை என்று கோபத்தோடு பார்த்துக்கொண்டிருந்த தன்னையே பார்த்தார். அல்போன்சம்மாள் கூடத்திலிருந்து, "அடிக்குதுங்க, அணைங்க" என்று கத்தியதையும், அவள் கடைக்காரனுக்கு ஏன் பரிந்து பேசுகிறாள் என்று தான் நினைத்ததையும்.

எல்லாரையும் சந்தேகப்பட்டாகிவிட்டது. ஒரே ஒரு ஆள் பாக்கி இருந்திருக்கிறான்.

"எனக்குக் கேக்கல ஜோன்" என்றார் சுவரைப் பார்த்தபடியே. "மணியும் கேக்கல, டின்னும் கேக்கல. எப்போலேர்ந்துன்னு தெரியல."

சண்டைக்குத் தயாராக நின்ற ஆம்ப்ரோஸின் கையில் இன்னும் இரண்டு மக்குகள் இருந்தன. அவற்றைத் தரையில் வைத்துவிட்டு, ஜோன் கையிலிருந்த மோதிரத்தை வாங்கி, ஜீப்பின் அடியில் தலையை நுழைத்துத் தானே தட்டினான். வலது பக்கம். இடது பக்கம். மறுபடி இடது பக்கம். நீண்ட நேரம் வெளியே வரவில்லை.

"சனிக்கிழமை அறுத்துப் பார்த்துடலாம் மச்சான்" என்று அடியிலிருந்தே சொன்னான்.

புக்கிட் மேராவில் சிநேகிதன் பட்டறையில் ஜீப்பைத் தூக்கி நிறுத்தி, ஆம்ப்ரோஸ் தன் வெல்டிங்கைத் தானே அறுத்தான். யாரையும் தொட விடவில்லை. தகடு நல்ல கெட்டித் தகடு. சுற்றிலும் ஓடிய வெல்டிங், தையல் மெஷினில் அடித்தாற்போல் சீராக இருந்தது. தகட்டைப் பிரித்தபோது உள்ளேயிருந்த பழைய இரும்பு, தண்ணீரில் ஊறிய அப்பளம் போல் கையோடு வந்தது. ஸ்பிரிங் பட்டையின் பிடி வெறும் துருவில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆம்ப்ரோஸ் அதைக் கையில் வைத்து நொறுக்கிக்கொண்டே நின்றான்.

"வெல்டிங் பிரமாதம் மாப்பிள்ளை. ஒட்டறதுக்குத்தான் அங்க ஒண்ணும் இல்ல" என்றார் சூசைநாதன். கேலியாக வரவில்லை அது.

"கப்பல்ல தகடு மெலிஞ்சிருக்கும். இந்த மாதிரி இல்லாமலே போயிருக்காது" என்றான் ஆம்ப்ரோஸ் மெதுவாக. சொந்த வெல்டிங் மேல் இருந்த நம்பிக்கையில் அடியிலிருந்த இரும்பைச் சுரண்டிப் பார்க்கவில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

நல்ல இரும்பு வருகிறவரைக்கும் துருப்பிடித்த இடத்தின் இரண்டு பக்கமும் வெட்டி எறிந்துவிட்டு, புதுச் சட்டத் துண்டு வைத்து, ஸ்பிரிங் பிடியையும் புதிதாகப் போட்டான். அந்த வேலை மூன்று நாள் சாயங்காலங்களை எடுத்தது. ஜோன் ஹோட்டல் வேலை முடிந்து வந்து, கைப்பையோடு குந்தியிருந்து கேட்டாள். மணி என்று அவள் சொல்லும்வரை ஆம்ப்ரோஸ் விளக்கை அணைக்கவில்லை. தார் பூசலாமா என்று மச்சானைக் கேட்டுவிட்டுத்தான் பூசினான்.

"இன்னொரு தரம் டெஸ்ட்டுக்குக் கொண்டு போ" என்றார் சூசைநாதன்.

"பேப்பர்தான் இருக்கே மச்சான்."

"அது அந்த ஜீப்புக்குக் குடுத்த பேப்பரு. இது வேற ஜீப்பு."

அதற்கு முன்பே அவர் மேலதிகாரியிடம் போய்த் தன் காதைப் பற்றிச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். பேச்சு கேட்கும், மெல்லிய உச்சச் சத்தங்கள் இரண்டு காதிலும் போய்விட்டன, முப்பது வருட பட்டறை இரைச்சல் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பேப்பரை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. குழியிலிருந்து அவரை ஏற்றி முன் மேசையில் உட்காரவைத்தார்கள், சான்றிதழ்களுக்கு முத்திரை குத்த. எந்தக் காகிதத்தையும் நம்பாத மனிதர் கடைசி நான்கு வருடமும் காகிதத்திலேயே முடித்தார். முத்திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தட்டிப் பார்த்தியா? என்ன சத்தம் வந்துச்சு?" என்று ஒவ்வொரு தடத்து ஆளையும் கேட்டுத்தான் குத்துவார். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

இன்னொன்றும் செய்தார். அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் தன் மோதிரத்தை நம்பிப் பாஸ் செய்த வண்டிகளை மறுபடி அழைக்க முடியுமா என்று கேட்டதற்கு, முடியாது என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூட வேன்களின் எண்கள் அவருக்கு நினைவிருந்தன. லீவு நாட்களில், பள்ளி விடுகிற நேரத்தில், ஜோனைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு பள்ளி வாசலாக நின்றார். பதினான்கில் பதினொன்றைக் கண்டுபிடித்தார். சில டிரைவர்கள் திட்டினார்கள். ஒருவர் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். பத்து வேன்கள் நன்றாக இருந்தன. பதினோராவதின் சொந்தக்காரர், ஜமால் முகம்மது என்கிறவர், அடியில் குனிந்து பார்த்துவிட்டு, அன்று பிள்ளைகளை டாக்சியில் ஏற்றி அனுப்பினார். கிடைக்காத மூன்று எண்களை சூசைநாதன் சாகிறவரைக்கும் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

அந்த ஜூலையிலேயே, திருவிழா வாரத்து வெள்ளிக்கிழமை, வெளிச்சம் வருகிற நேரத்தில் ஜீப் மலேசியாவுக்குப் போகும் பாலத்தைக் கடந்தது. ஓட்டுவது ஆம்ப்ரோஸ், பக்கத்தில் ஜோன், பின்பக்க பெஞ்சுகளில் மூன்று பிள்ளைகளும் சூசைநாதனும் அல்போன்சம்மாளும். மேட்டில் மூன்றாவது கியர் கழன்றது. கையூம் பாய் எழுதிக் கொடுத்தபடியே கழன்றது என்று ஆம்ப்ரோஸ் சிரித்தான். ஜோன் ஒரு கையால் கியர்க் குச்சியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். யோங் பெங்கில் நிறுத்தினார்கள், சிரம்பானில் நிறுத்தினார்கள், தாப்பாவில் நிறுத்தினார்கள். நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும் சூசைநாதன் அடியில் போய்த் தட்டினார். ஜோன் குனிந்து கேட்டாள்.

"ரோட்டோரமா நின்னு செபமாலை சொல்ற மாதிரி இருக்கு உங்க ரெண்டு பேரையும் பார்த்தா" என்றாள் அல்போன்சம்மாள். பிள்ளைகள் "டிங்... டிங்..." என்று கத்திக் கேலி செய்தார்கள்.

கோலா கங்சார் தாண்டியதும் புக்கிட் பெராபிட் மலைச்சாலை. ஏற்றத்தின் உச்சியில், இறக்கம் தொடங்கும் முன், ஆம்ப்ரோஸ் யாரும் சொல்லாமலே ஓரமாக நிறுத்தினான். கீழே சாலை வளைந்து வளைந்து இறங்கியது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். இவ்வளவு நேரம் கேலி செய்த பிள்ளைகள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

சூசைநாதன் இறங்கி அடியில் போனார். வலது பக்கம் தட்டினார். இடது பக்கம் மூன்று முறை தட்டினார். அவருக்கு எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. தலையை வெளியே நீட்டித் தங்கையைப் பார்த்தார்.

"மணி மாதிரிதான் இருக்குண்ணே. ரெண்டு பக்கமும்."

"கேட்டுச் சொல்றியா, சீக்கிரம் போகணும்னு சொல்றியா?"

"அண்ணே!"

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இன்னொரு முறை தட்டப் போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் எழுந்தார். முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, பின்பக்கம் ஏறி, அல்போன்சம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"போகலாம் மாப்பிள்ளை."

இறக்கம் முடிகிறவரைக்கும் அவர் பள்ளத்துப் பக்கம் திரும்பி மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். மோதிரக் கை மடியிலேயே கிடந்தது.